டிக்கியில் எத்தனை மூட்டை

மெடிக்கல் காலேஜ் சாலையில்
எதிரும் புதிருமாக இரண்டு கண்ணாடிக் கடைகள்.
இந்தப் பக்கம் நான்.
அந்தப் பக்கம், போன தீபாவளி வரை
என் பக்கத்து நாற்காலியில் இருந்த செபஸ்தி.

விற்பது ஒரே மாதிரி பண்டம்தான்:
பெட்ரோலும் மின்சாரமும்
பங்காளிகளாக ஒரே பானெட்டுக்குள் குடியிருக்கும் கார்.
அவர்கள் ஐம்பதாயிரம் குறைத்த அன்று மாலையே
நாங்கள் அறுபது.
பேட்டரிக்கு எட்டு வருடம் என்று அவர்கள் எழுதியதும்
எங்கள் பேனரில் ஏழின் மேல் ஒன்பது ஏறியது.
ஒட்டிய ஸ்டிக்கர் வெயிலில் ஓரம் சுருண்டு
பழைய ஏழு எட்டிப் பார்க்கிறது.

நீடாமங்கலம் விதைநெல் கடை பக்கிரிசாமி
இரண்டு கடைக் காபியும் குடித்துவிட்டுச் சொன்னார்:
"காகிதத்துல எல்லா வண்டியும்தான் ஓடும்.
ரெண்டையும் எடு. டேங்க்கை ரொப்பு.
கோடியக்கரை போய்த் திரும்புவோம்.
எது கம்மியாக் குடிக்குதோ, அதுக்கு அட்வான்ஸ்."

பங்குனிக் கடைசி.
நீடாமங்கலம் ரயில்வே கேட்
எதிர்பார்த்தபடியே சாத்தியிருந்தது.
நெல் ஏற்றிய கூட்ஸ் முன்னே போய், பின்னே வந்து,
யோசித்து, மறுபடி முன்னே போனது.
பஸ்களும் லாரிகளும் உறுமிக்கொண்டு நிற்க
எங்கள் இரண்டு வண்டி மட்டும்
எஞ்சின் அணைந்து, அக்கம்பக்கமாய், மூச்சில்லாமல்.
பக்கிரிசாமி வெள்ளரிப்பிஞ்சு வாங்க இறங்கினார்.

ஏசி ஓடினால் பேட்டரி இறங்கும்.
பேட்டரி இறங்கினால் எஞ்சின் விழிக்கும்.
விழித்தால் குடிக்கும்.
நான் ஏசியை அணைத்தேன்.
கண்ணாடியை இறக்கவில்லை; இறக்கினால்
அவனுக்குத் தெரிந்துவிடும்.
காதோரம் வழிந்து, கழுத்தில் இறங்கி,
கம்பெனி கொடுத்த ஸ்கார்ஃப் நனைந்தது.
திரும்பிப் பார்த்தேன்.
செபஸ்தியின் கண்ணாடியும் ஏறியே இருந்தது.
நெற்றியில் அப்பிய முடியோடு,
குளிர்கிறது என்பதுபோல
தோளைக் குறுக்கிக் காட்டினான்.

இருபத்திரண்டு நிமிடம்.

திருத்துறைப்பூண்டி தாண்டி
சாலையின் பாதியில் உளுந்துச் செடி காய்ந்தது.
துடைப்பத்தோடு குனிந்திருந்தவருக்கு
நாங்கள் வந்தது கேட்கவில்லை.
ஹாரன் அடித்ததும் துள்ளி விலகிக் கத்தினார்:
"பூனை மாதிரி வந்தா எப்படி?"
பிறகு கையை வீசி, "ஒதுங்காத, மேல ஏறிப் போ.
பின்னால வர்ற காரையும் ஏறச் சொல்லு."
ஏறினேன். நெற்று வெடிக்கும் சத்தம்
சக்கரத்தடியில் பொரிந்தது.
மைலேஜ் எவ்வளவு போகுமோ என்று
பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
பின்கண்ணாடியில், அவனும் ஏறிக்கொண்டிருந்தான்.

தஞ்சாவூர் பங்க்கில் நிரப்பி வகுத்தோம்.
எனக்கு இருபத்தாறு புள்ளி நாலு.
அவனுக்கு இருபத்தாறு புள்ளி ஒன்று.
நான் குதிப்பதற்குள்
பக்கிரிசாமி டிக்கியைத் திறக்கச் சொன்னார்.
மினி வேனில் காத்திருந்த ஆள்
மூன்று விதைமூட்டை இறக்கினான்.
இரண்டு உட்கார்ந்தது.
மூன்றாவதின் இடத்தில் பேட்டரி படுத்திருந்தது.
செபஸ்தியின் வண்டியிலும் அதே இரண்டு.

"கம்மியாத்தான் குடிக்குது.
வயித்தைக் காணுமே" என்றார்.
காரைக்காலில் வரி எப்படி என்று
யாரிடமோ போனில் விசாரித்தபடி
மினி வேனிலேயே ஏறிப் போனார்.

மறுநாள், வண்டி கழுவும் இம்ரான்
டயர்ப் பள்ளத்தில் சிக்கிய உளுந்தை
ஊக்கால் நெம்பி என் மேசையில் வைத்தான்.
எண்ணினேன்.
பதினொன்று என்று செபஸ்திக்கு அனுப்பினேன்.

பன்னிரண்டு என்று உடனே பதில்.
எண்ணாமலே.